எஞ்சினீயருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

பி.இ. முடித்தாயிற்று. காம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆர்டரும் கொடுத்துவிட்டது. 'அப்பாடா' என்று நீங்கள் மூச்சு விடுகிற நேரம் பார்த்து, "அப்பா, நான் வேலைக்குப் போகல. பயோமெடிக்கல்ல எம்.டெக். படிக்கப் போறேன். முடிஞ்சா பிஹெச்.டி.யும்..." என்று மகளோ மகனோ சொன்னால் எப்படி இருக்கும்?

வீடே ஒரு குலுக்குக் குலுங்கும். "ஸ்கேன் மெஷின் ரிப்பேர் பார்க்கிற படிப்பா?", "டாக்டரும் இல்லாம எஞ்சினீயரும் இல்லாம இது என்ன ரெண்டுங்கெட்டான்?", "இன்னும் எத்தனை வருஷம்?" என்று கேள்விகள் பறக்கும்.

இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. பிள்ளையின் ஐந்தாறு வருடம் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே! கேட்கத்தான் வேண்டும். ஆனால், பதில் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது. மனித உடம்போடு சேர்ந்து வேலை செய்யும் கருவிகளை உருவாக்குவதும், அவற்றை நம்பலாமா என்று சோதித்துப் பார்ப்பதும்தான் இந்தத் துறை. இதில் மேல்படிப்பு என்றால் என்ன, அங்கே என்ன கற்றுக்கொடுக்கிறார்கள், எதைப் பார்த்துச் சேர வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது!

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்ஸிமீட்டர்... ஞாபகம் இருக்கிறதா? இப்போது அது மருந்து டப்பாவுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்து ஒரு தடவை பாருங்கள். இந்தப் படிப்பின் மொத்த சாரமும் அதற்குள் இருக்கிறது.

அதன் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு வகை ஒளி கிளம்புகிறது. ஒன்று சிவப்பு. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும். மறுபக்கம் வந்து சேரும் இரண்டு ஒளியையும் ஒப்பிட்டுத்தான் அந்தப் பெட்டி 97, 98 என்று எண் காட்டுகிறது.

ஆனால், விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு, நகம் எல்லாம் ஒளியை உறிஞ்சுமே? இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜப்பானைச் சேர்ந்த டகுவோ அயோயாகி என்கிற எஞ்சினீயர். 1970களின் தொடக்கத்தில், காது மடலில் ஒளி பாய்ச்சி வேறு ஏதோ ஒன்றை அளந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அளவு ஏறி இறங்கித் தொல்லை கொடுத்தது. அந்தத் தொல்லையை நீக்கத்தான் முதலில் பாடுபட்டார். அப்போதுதான் பொறி தட்டியது. துடிப்போடு ஏறி இறங்குவது தமனியில் ஓடும் ரத்தம் மட்டும்தான். தோலும் எலும்பும் துடிப்பதில்லை. அப்படியானால் ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்து எடுத்துக் கணக்குப் போட்டால் போதுமே! 1974இல் இந்த யோசனை ஜப்பானில் வெளியானது. இன்று ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் இதுதான் காவல்.

கதை இதோடு முடியவில்லை. 2020இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்கள். ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, சிலருக்கு உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் இப்படி ஏமாந்தது நூற்றுக்கு 3.6 பேர். கறுப்பர்களிலோ 11.7 பேர்! தோலின் நிறம் ஒளியைப் பாதிக்கிறது. கருவி அதைச் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, வீட்டுக்கு: நகப்பூச்சு, சில்லிட்ட விரல், நம் தோலின் நிறம் எல்லாமே அந்த எண்ணை மாற்றலாம். மூச்சு வாங்கினால் எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். இரண்டாவது, படிப்புக்கு: கருவி கண்டுபிடித்து நாற்பத்தாறு வருடம் கழித்தும் 'இது எல்லாருக்கும் சரியாக அளக்கிறதா?' என்று கேட்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படிக் கேட்கவும், பதிலைக் கண்டுபிடிக்கவும் பழக்குவதுதான் ஆராய்ச்சிப் பயிற்சி.

இதயத்துக்கு ஒரு கதவு

இன்னொரு உதாரணம், நமக்குப் பக்கத்திலிருந்தே. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் எஞ்சினீயரிங் லேபும் ஒரே நிர்வாகத்தில் இயங்கும் இடம். 1980இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. அதன் நிறுவன இயக்குநர் இதய அறுவை நிபுணர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான். 2024இல் காலமானார்.

சிறுவயதில் தொண்டைப்புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல், சிலருக்கு இதய வால்வைக் கெடுத்துவிடும். கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்த வேண்டும். அந்தக் காலத்தில் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலையோ ஏழை எளியவர்களுக்கு எட்டாத உயரம். 'நாமே செய்தால் என்ன?' என்று 1970களின் கடைசியில் ஆரம்பித்தார்கள்.

கேட்பதற்குச் சுலபம். ஒரு வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு தட்டு. அவ்வளவுதானே? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இதயம் நிமிடத்துக்கு 70 தடவை துடித்தால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை. வருடத்துக்குச் சுமார் மூன்றரைக் கோடிக்கும் மேல். பத்து வருடத்தில் 36 கோடியைத் தாண்டும்! அத்தனை தடவையும் அந்தக் கதவு திறந்து மூட வேண்டும். தேயக்கூடாது. உடையக்கூடாது. ரத்தம் அதில் உறையக்கூடாது. ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டாலும் உயிர் போய்விடும்.

முதல் மூன்று மாடல்களும் தோற்றன. ஒரு மாடலில் தட்டுக்குச் செயற்கை நீலக்கல்லைப் பயன்படுத்தினார்கள். கல் என்றால் தேயாது, நல்ல யோசனைதான். ஆனால் உடைந்துபோனது! உடைந்தது சோதனைக் கட்டத்தில், மனிதருக்குள் இல்லை. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் நாலாவது மாடலில் தட்டுக்கு ஒரு விசேஷ பாலிதீன், வளையத்துக்குக் கோபால்ட் கலந்த உலோகம், தைப்பதற்குப் பாலியஸ்டர் துணி என்று முடிவானது. இயந்திரத்தில் கோடிக்கணக்கான தடவை திறந்து மூடிப் பார்த்தார்கள். செம்மறி ஆடுகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அதற்கெல்லாம் பிறகு, 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். 1990களின் நடுவில் டி.டி.கே. நிறுவனம் மூலம் விற்பனைக்கு வந்தது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன.

சரி, சோதனையில் சிக்காத கோளாறு நோயாளியின் உடம்பில் வெளிப்பட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஷைலி நிறுவனம் தயாரித்த ஒரு வால்வு, 1979இலிருந்து 1986 வரை விற்பனையில் இருந்தது. உலகம் முழுக்கச் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தினார்கள். அதில் தட்டைப் பிடித்திருந்த சின்னக் கம்பி பற்றவைக்கப்பட்டது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் கம்பி இதயத்துக்குள் முறிந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. சித்திரை வால்வின் உலோகக் கூடு பற்றவைப்பே இல்லாமல் ஒரே துண்டாகக் கடைந்து எடுக்கப்படுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறதா?

நோயாளியின் உடம்பில் தோற்கக்கூடாது என்பதற்காக லேபில் தோற்றுப் பழகுவது. இந்த மேல்படிப்பை ஒரே வரியில் சொல்வதென்றால் இதுதான்.

பி.இ.யில் கிடைக்காதது என்ன?

பி.இ.யில் விடை தெரிந்த கணக்கைப் போடக் கற்றுக்கொள்கிறார்கள். எம்.டெக்.கில், எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று தேடக் கற்றுக்கொள்கிறார்கள். பிஹெச்.டி.யில், இதுவரை யாருமே போடாத கணக்கைப் போட்டு, அது சரிதான் என்று நாலு பேர் முன்னால் நிரூபிக்க வேண்டும்.

பாடங்களும் வித்தியாசமானவை. மெக்கானிக்கல் படித்த பையன் உடற்கூறும் உடலியங்கியலும் படிப்பான். எலெக்ட்ரானிக்ஸ் படித்த பெண், நரம்பில் மின்துடிப்பு எப்படிப் பாய்கிறது என்று கற்றுக்கொள்வாள். உடம்பு ஏற்றுக்கொள்ளும் பொருள்கள், படம் பிடிக்கும் கருவிகள், புள்ளியியல் எல்லாம் உண்டு. இதோடு, நோயாளியிடம் சோதனை செய்யும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குவது எப்படி, நோயாளிக்குப் புரியும்படி விளக்கிச் சம்மதம் பெறுவது எப்படி என்பதும் பாடம்தான். 2017இல் நம் நாட்டில் மருத்துவக் கருவிகளுக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன. 'கருவி செய்தேன், விற்றேன்' என்பதெல்லாம் பழைய கதை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஆஸ்பத்திரி வார்டு. லேபில் ஜம்மென்று வேலை செய்யும் கருவி வார்டில் படுத்துவிடும். ஏன்? கரண்ட் போய்ப் போய் வரும். ராத்திரி டியூட்டி நர்ஸ் ஒரே நேரத்தில் பத்து நோயாளியைப் பார்ப்பார். அலாரம் ஓயாமல் கத்தினால் எரிச்சலில் அதை அணைத்துவிடுவார். வயரை எலி கடிக்கும். கிருமிநாசினி போட்டுத் துடைத்துத் துடைத்து எழுத்தே அழிந்துபோகும். இதையெல்லாம் புத்தகத்தில் படிக்க முடியாது. நர்ஸம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

எங்கே படிக்கலாம்?

இந்த வார்டு அனுபவத்தையே அடிப்படையாக வைத்து ஒரு படிப்பு நம் பக்கத்தில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் 'கிளினிக்கல் எஞ்சினீயரிங்' எம்.டெக். எஞ்சினீயரிங் பாடம் ஓரிடம், நோயாளிகள் ஓரிடம், கருவி உருவாக்கம் ஓரிடம் என்று மாணவர் மூன்று ஊரிலும் தங்கிப் படிக்க வேண்டும்.

டெல்லியில் ஐ.ஐ.டி.யும் எய்ம்ஸும் 1970களிலிருந்தே சேர்ந்து ஒரு பயோமெடிக்கல் மையம் நடத்துகின்றன. மும்பை ஐ.ஐ.டி., ஹைதராபாத் ஐ.ஐ.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஆகிய இடங்களிலும் இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்யலாம். சென்னை கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் மெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸில் எம்.இ. உண்டு.

ஐ.ஐ.டி. மாதிரி இடங்களில் எம்.டெக். சேர வழி 'கேட்' தேர்வு. 2020இலிருந்து அதில் பயோமெடிக்கலுக்கென்றே தனித் தாள் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் எம்.இ. சீட்டுக்கு மாநில அளவிலான நுழைவுத் தேர்வும் உண்டு.

கைடு யார் என்று பாருங்கள்!

மாப்பிள்ளை பார்ப்பதுபோல விசாரிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டென்றால், அது பிஹெச்.டி. கைடுதான். கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்கிச் சேர்ந்துவிட்டு, கைடோடு ஒத்துப்போகாமல் நடுவழியில் தவிப்பவர்கள் உண்டு. சேருவதற்கு முன் உங்கள் பிள்ளை இதையெல்லாம் விசாரிக்கட்டும்:

• இந்த லேபோடு சேர்ந்து வேலை செய்யும் ஆஸ்பத்திரி எது? அங்கே எந்த டாக்டர் ஆர்வமாக நேரம் கொடுக்கிறார்?

• இதற்கு முன் இவரிடம் படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? இப்போது எங்கே இருக்கிறார்கள்?

• கைடு வாரம் ஒரு தடவையாவது மாணவரைப் பார்த்துப் பேசுகிறாரா?

• ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? எத்தனை வருடத்துக்கு?

• கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கினால் அதில் மாணவர் பெயரும் சேருமா?

பதில்களைக் கைடிடம் மட்டும் கேட்டால் போதாது. அந்த லேபில் இப்போது படிக்கிற சீனியர்களோடு கேன்டீனில் ஒரு டீ குடித்தால் போதும், உண்மை வந்துவிடும்!

வேலை கிடைக்குமா?

மழுப்பாமல் சொல்லிவிடுவோம். வெறும் பி.இ.யோடு இந்தத் துறைக்கு வருபவர்களில் பலருக்கு ஆஸ்பத்திரியில் கருவிப் பராமரிப்போ, கம்பெனிகளில் சேல்ஸ், சர்வீஸ் வேலையோதான் முதலில் கிடைக்கிறது. அவையும் நல்ல வேலைகளே. ஆனால் புதிதாகக் கருவி உருவாக்கும் வேலை வேண்டுமானால், ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றவருக்கே முன்னுரிமை. ஆரம்பச் சம்பளத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியோடு போட்டி போட முடியாமல் போகலாம். அதைத் தெரிந்தே இறங்க வேண்டும்.

இன்னொரு பக்கம், நம் நாட்டில் புழங்கும் பெரிய மருத்துவக் கருவிகளில் பெரும்பகுதி இறக்குமதிதான். அப்படியென்றால் இங்கே செய்ய வேண்டிய வேலை மலைபோல இருக்கிறது என்று அர்த்தம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் மறுவாழ்வுக் கருவி மையத்தைப் பாருங்கள். உட்கார்ந்தவரை எழுந்து நிற்க வைக்கும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019இல் அங்கிருந்து வந்தது. முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்களுக்கான 'கதம்' செயற்கை மூட்டு 2022இல் வந்தது. மேடு பள்ளமான நம் ரோட்டில் நடக்கிற நம் ஆட்களை மனதில் வைத்துச் செய்தவை இவை.

பெற்றோரின் சந்தேகங்கள்

'பயோமெடிக்கல் பி.இ. படித்தவர்கள்தான் சேரலாமா?'

இல்லை. மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிகல் என்று பல பிரிவினரும் சேரலாம். எந்தப் பிரிவுக்கு இடம் உண்டு என்பது படிப்புக்குப் படிப்பு மாறும். விண்ணப்பிக்கும் முன் சரிபாருங்கள்.

'எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் இந்தப் பக்கம் வர முடியுமா?'

தாராளமாக! கரக்பூர் ஐ.ஐ.டி.யில் டாக்டர்களுக்கென்றே மருத்துவத் தொழில்நுட்பத்தில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் 2023இல் மருத்துவத் தொழில்நுட்பத்துக்குத் தனித் துறை தொடங்கி, டாக்டர்களை ஆராய்ச்சிக்கு வரவேற்கிறது.

'படித்து முடித்தால் வைத்தியம் பார்க்கலாமா?'

கூடவே கூடாது. பெயருக்கு முன்னால் போடும் 'டாக்டர்' பட்டம் ஆராய்ச்சிக்காகக் கிடைத்தது. மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமை கிடையாது.

'அத்தனை வருஷம் செலவுக்கு நாங்கள்தான் கொடுக்கணுமா?'

'கேட்' மூலம் சேரும் எம்.டெக். மாணவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை நடைமுறையில் இருந்துவருகிறது. பிஹெச்.டி.க்கு 2023 ஜனவரியிலிருந்து மத்திய அரசு நிர்ணயித்த தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. சில இடங்களில் இந்தப் பணம் தாமதமாக வருவதும் உண்டு. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கட்டும்.

'பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போயிடுமே?'

படிப்பும் கல்யாணமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. யு.ஜி.சி.யின் 2016 விதிகளிலேயே பெண் ஆராய்ச்சியாளர்களுக்கு 240 நாள் வரை பிரசவ, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முடிக்கக் கூடுதலாக இரண்டு வருட அவகாசமும் உண்டு. 2022 விதிகளிலும் இது தொடர்கிறது. சேரும் நிறுவனத்தின் விதி எப்படி என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

'அடிக்கடி சோர்ந்து போய்ப் பேசுகிறான். என்ன செய்வது?'

இதை அலட்சியம் பண்ணாதீர்கள். மாதக்கணக்கில் சோதனை தோற்றுக்கொண்டே இருக்கும்போது மனம் தளர்வது இயற்கை. ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் அது வெறும் சோர்வு இல்லை. கல்வி நிறுவனத்தின் மனநல ஆலோசகரையோ டாக்டரையோ உடனே பார்க்கச் சொல்லுங்கள். கைடை மாற்றிக்கொள்வதும், பிஹெச்.டி.யை விட்டு எம்.டெக்.கோடு வெளியே வருவதும் கேவலமான காரியம் இல்லை.

'எப்பத்தான் முடிப்பே?' என்று கேட்கலாமா?

பக்கத்து வீட்டிலிருந்து பெரியம்மா வரை எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்களாவது வேறு கேள்வி கேளுங்கள். "இந்த வாரம் லேப்ல என்ன உடைஞ்சுது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்கள். அங்கே உடைந்த அந்தப் பொருள், நாளைக்கு யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையின் உடம்பில் உடையாமல் இருக்கப் போகிறது!